ஓட்டை வாளியும் விருந்தாளிப் பேச்சும்

இன்று வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை தப்பி வந்தாலும் நாளை முதல் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான் என்று இன்ஜினியர் காலையிலேயே சொல்லிவிட்டார். கேட் பக்கத்து நாற்காலி என்றால் வாட்ச்மேன் வேலை. அதுவும் இரக்கப்பட்டுக் கொடுப்பது.

"அது கெட்ட வார்த்தையே இல்ல சார்," என்றார் சிக்னல் மேஸ்திரி. "ஓட்டை வாளி. ஓட்டை இருக்கிற வாளி. அவ்வளவுதான் சார்."

"எனக்குத் தெரியும் மேஸ்திரி. அந்த மேடத்துக்குத் தெரியாதே! வாளி வேணாம், செருப்பு வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். சுத்தமாப் பேசுங்க. 'இறக்குங்கள்', 'நிறுத்துங்கள்', 'நன்றி'. முடிஞ்சது."

"நன்றி யாருக்கு சார், கிரேனுக்கா?"

இன்ஜினியர் சிரிக்கவில்லை. சாதாரண நாளாக இருந்தால் சிரித்திருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்று அவருடைய சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியின் இரண்டாவது கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த தளம் அது. கட்டச் சொன்ன ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி மறுபடியும் பார்வையிட வருகிறார். போன தடவை அந்த அம்மாள் படியேறிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் கையிலிருந்த வாக்கி-டாக்கி, "தேஞ்ச செருப்பே, அங்கேயே நில்லு!" என்று கத்தியது. அம்மாள் படியிலேயே நின்று தன் காலைக் குனிந்து பார்த்தார். அவர் போட்டிருந்த செருப்பு புதியது. திரும்பிப் போனதும் புகார் வந்துவிட்டது: கிரேனுக்குக் கீழே நிற்கும் ஆள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார், அவரை மாற்றுங்கள்.

மேஸ்திரிக்கு வேறு வேலைக்குப் போக வழியில்லை. பல வருஷங்களுக்கு முன்பு சாரத்திலிருந்து தவறியதில் இடுப்பு போயிற்று. ஏணி ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது. மிச்சமிருந்தவை கண், காது, வாய். டவர் கிரேன் அந்த மூன்றையும் கேட்கிற வேலை. கிரேனை ஓட்டுகிறவர் உச்சியில் கூண்டுக்குள் இருக்கிறார். கட்டடத்துக்குப் பின்பக்கம் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல் மேஸ்திரிதான் அவருக்குக் கண். இறக்கு, நிறுத்து, இடது பக்கம் திருப்பு என்று வாக்கியில் சொன்னால் மேலே கை அசையும். சொல்வதில் ஒரு நொடி பிசகினால் கீழே ஒரு உயிர்.

மேலே கூண்டில் இருந்தவர் மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி. தளத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். மேஸ்திரியை அந்தத் தளத்தில் தூறல் என்றார்கள். ஒரு காலத்தில் அது அடைமழையாக இருந்தது.

அடைமழை நாட்களைப் பற்றிக் கேட்டால் பழைய ஆட்கள் இன்றும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். காலையில் சிமென்ட் மூட்டை பிரிக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் கை கழுவும்வரை நிற்காது. ஒருவரைத் திட்டும்போது அவருடைய மூன்று தலைமுறையையும் வரிசையில் நிறுத்திவிடுவார். கோபமே இருக்காது. மற்றவர்கள் வெற்றிலை மெல்வதைப்போல அவர் வார்த்தைகளை மென்றுகொண்டிருந்தார்.

அடைமழை ஒரு சாயங்காலம் நின்றது. ஒரே அறைதான் வீடு. அவருடைய மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. தரையில் உட்கார்ந்து காலி டப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கு சரிந்தது. குழந்தை அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, அப்பாவின் வார்த்தைகளிலேயே பெரியதை, அதே இழுப்போடு, முடிவில் அதே பெருமூச்சோடு சொன்னாள்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்தார். குழந்தையை அடிக்கவில்லை, கணவரையும் திட்டவில்லை.

"பாப்பா, இப்ப என்னமோ சொன்னியே, அதுக்கு என்ன அர்த்தம்னு அப்பாவைக் கேளு."

"அப்பா, அதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரும் அவரிடம் அர்த்தம் கேட்டதில்லை. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை மூலையில் தண்ணீர் ஒழுகும் வாளி ஒன்று கிடந்தது.

"ஓட்டை வாளின்னு அர்த்தம்."

"ஓட்டை வாளியை எதுக்குத் திட்டணும்?"

"தண்ணி நிக்க மாட்டேங்குது இல்ல, அதுக்குத்தான்."

குழந்தை யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. மறுபடி டப்பா சரிந்தபோது, "ஓட்டை வாளி!" என்றாள். அதைச் சொல்வதற்குப் பெரியதைவிட எளிதாகவும் இருந்தது.

"இனிமே வீட்டுல எதைச் சொன்னாலும் அர்த்தமும் நீங்கதான் சொல்லணும்," என்றார் மனைவி. வீட்டுச் சட்டம் அதோடு முடிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக மாறின. மாறிய விதத்தைப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரியும். பழைய வார்த்தையின் முதல் எழுத்து அப்படியே இருக்கும். வாய் பழைய பாதையில் இறங்க ஆரம்பித்துவிடும், பாதி வழியில் வேறு தெருவுக்குள் திரும்பும். 'ஓ' என்று ஆரம்பித்தது ஓட்டை வாளியில் முடிந்தது. 'தே' என்று ஆரம்பித்தது தேஞ்ச செருப்பு ஆயிற்று. 'பு' புண்ணாக்கு மூட்டையில் போய் நின்றது. மண்ணாங்கட்டி மட்டும் எல்லாருக்கும் பொதுச் சொத்தாக முன்பே இருந்தது. பல்லைக் கடித்துச் சொல்ல வேண்டும், சொன்னதும் நெஞ்சு லேசாக வேண்டும், அர்த்தம் கேட்டால் குழந்தைக்குச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் தேறியது வேலைக்கு வந்தது.

"கோபத்துக்குச் சத்தம்தான் வேணும், அர்த்தம் எதுக்கு?" என்பார் மேஸ்திரி.

மனைவியின் வீட்டில் காரணம் வேறு. அங்கே யாரையும் "நாசமாப் போ" என்று சொல்லமாட்டார்கள். சொன்னது பலித்துவிட்டால்? எனவே நடுவில் ஒரு எழுத்துக்கூட்டத்தைச் செருகி, "நாசமத்துப் போ" என்பார்கள். நாசம் அற்றுப் போ. திட்டும் கோபம் அப்படியே இருக்கும், சாபம் மட்டும் ஆசீர்வாதமாகிவிடும். கழுகு அந்த வீட்டில் வளர்ந்தவர். கிரேன் கூண்டிலிருந்து கீழே இருப்பவர்களை ஒரு நாளைக்குப் பலமுறை இப்படி ஆசீர்வதிப்பார்.

தளத்திலும் அந்தப் பயம் உண்டு. கொக்கியில் பாரம் தொங்கும்போது "விழுந்துடும்" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. "இறங்கிடும்" என்பார்கள். இடுப்பு உடைந்த கதையை மேஸ்திரி சொல்லும்போதுகூட, "நான் சாரத்துலேர்ந்து இறங்கினப்போ" என்றுதான் ஆரம்பிப்பார். கேட்கிறவர் படியில் இறங்கினதாக நினைத்துக்கொள்வார்.

வாக்கி வந்த பிறகு ஓட்டை வாளிக்கு இன்னொரு உத்தியோகமும் கிடைத்தது. அந்தப் பழைய கருவியில் பொத்தானை அழுத்தியதும் பேசினால் முதல் சொல் பாதி விழுங்கப்படும். "நிறுத்து" என்று எடுத்த எடுப்பில் சொன்னால் மேலே என்ன போய்ச் சேரும் என்று நிச்சயமில்லை. அதனால் முன்னால் ஒரு வெத்து வார்த்தை வேண்டும். "ஓட்டை வாளி, நிறுத்து!" என்றால் விழுங்க வேண்டியதை வாக்கி விழுங்கிக்கொள்ளும், கட்டளை முழுசாய்ப் போகும். நாளடைவில் கழுகின் காது அப்படியே பழகிவிட்டது. முன்னால் வாளியோ செருப்போ வந்தால் அது மச்சான் குரல், உண்மையான கட்டளை.

வராவிட்டால் அது விருந்தாளிப் பேச்சு.

அந்தப் பெயரை வைத்தது கழுகுதான். பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் இன்ஜினியர் ஒரு வாக்கியை எடுத்து நெஞ்சு நிமிர்த்தி, "பாதுகாப்பாக இயக்கவும்! கவனமாக, நிறுத்தி நிதானமாக இயக்கவும்!" என்பார். மேலேயிருந்து, "சரிங்க சார்" என்று பதில் வரும். கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். சற்றுத் தள்ளி நின்று மேஸ்திரி மெல்லிய குரலில் வாளியும் செருப்புமாக நிஜக் கட்டளைகளைக் கொடுத்துக்கொண்டிருப்பார். இது எல்லாருக்கும் தெரியும், இன்ஜினியருக்கும்தான். அவரே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்று காலை, கழுகு ஏணியில் கால் வைக்கும் நேரத்தில் மேஸ்திரி அவரைப் பிடித்தார்.

"மாப்ளே, இன்னிக்கு வாளி கிடையாது. சுத்தமாத்தான் பேசுவேன். அந்த மேடம் என் பக்கத்துலயே நிக்கப் போறாங்களாம்."

"விருந்தாளிப் பேச்சா? பேசுங்க, பேசுங்க. இந்த வாரம் பூரா அதே சாரக் குழாய், அதே இடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் இறக்கிடுவேன் மச்சான். நீங்க அந்த அம்மாவுக்குக் கதை சொல்லுங்க, நான் வேலையைப் பார்க்கிறேன்."

"அப்படியில்லடா..."

கேட்டில் கார் ஹார்ன் அடித்தது. இன்ஜினியர், "மேஸ்திரி!" என்று கத்தினார். கழுகு ஏறிவிட்டார். சொல்ல வந்தது மேஸ்திரியின் வாயிலேயே நின்றுபோயிற்று.

இன்ஜினியருக்கு இன்னொரு பதற்றமும் இருந்தது. பார்வையாளர்கள் நடந்து வரும் முன்பக்கப் பாதையில் வெல்டிங் அக்கா தீப்பொறி பறக்க வேலை செய்துகொண்டிருந்தார். மேடத்தின் சேலையில் ஒரு பொறி பட்டால் இன்னொரு புகார். "அக்கா, இங்க வேணாம், பின்னாடி போயிடுங்க," என்று அவரைக் கையசைத்து அனுப்பினார். பின்னாடி என்றால் எங்கே என்று சொல்லவில்லை. வெல்டிங் அக்காவுக்குப் பின்பக்கப் பள்ளத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி பாக்கி இருந்தது. சரிவுப் பாதை வழியே மெஷினைத் தள்ளிக்கொண்டு அங்கே போய்விட்டார். சாரக் குழாய்கள் இறங்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் அந்தக் கம்பி இருந்தது.

மேடம் வந்து மேஸ்திரியின் வலது பக்கம் நின்றார். தலையில் வெள்ளை ஹெல்மெட். "நீங்கதானா அவர்?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம். அவர்தான்," என்றார் மேஸ்திரி.

முன்பக்கத்திலிருந்து குழாய்க் கட்டு எழும்பியது. நீளமான இரும்புக் குழாய்கள், இரண்டு இடத்தில் கம்பிக் கயிறு சுற்றி, நடுவில் கொக்கி. மேஸ்திரி வாக்கியை வாயருகே கொண்டுபோனார். பொத்தானை அழுத்தி, வாயில் வந்த 'ஓ'வைத் தொண்டையிலேயே மடக்கி, சொன்னார்.

"மேலே தூக்குங்கள்."

"சரிங்க ஐயா," என்றது வாக்கி. கட்டு மேலே போயிற்று.

"வலது பக்கம் திருப்புங்கள்."

"சரிங்க ஐயா." கட்டு வலது பக்கம் திரும்பியது.

மேடம் தலையாட்டினார். இன்ஜினியரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. மேஸ்திரிக்கும் நிம்மதி. சுத்தமாகப் பேசினாலும் பயல் கேட்கிறான் என்று நினைத்தார். கழுகு கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கட்டு மேலே போய் வலது பக்கம்தான் திரும்பியது. கை தானாகவே அதைச் செய்தது.

கட்டு கட்டடத்தின் உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் போனது. மேஸ்திரி இடுப்பைச் சாய்த்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு நடந்தார். மேடமும் இன்ஜினியரும் பின்னாலேயே வந்தார்கள்.

"மெதுவாக இறக்குங்கள்."

"சரிங்க ஐயா."

இறங்க ஆரம்பித்ததும் ஒரு நடுக்கம். ஒரு பக்கத்துக் கம்பிக் கயிறு வழுக்கியது. கட்டு சற்றே சாய்ந்தது. சாய்ந்தால் குழாய்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். உடனே கீழே பார்த்தார். பள்ளம் காலியாக இருந்தால் பரவாயில்லை.

கீழே நீல வெளிச்சம் மினுக்கியது. கறுப்பு முகமூடி போட்டுக் குனிந்திருந்தது ஒரு உருவம். வெல்டிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் இடி இடித்தாலும் அவருக்குக் கேட்காது.

"நிறுத்துங்கள்!"

"சரிங்க ஐயா."

கட்டு இறங்கிக்கொண்டேயிருந்தது.

மேஸ்திரிக்கு ஒரு கணம் புரியவில்லை. வாக்கியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"நிறுத்துங்கள்! தயவுசெய்து நிறுத்துங்கள்!"

"நிறுத்தியாச்சுங்க ஐயா," என்றது வாக்கி. அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. மச்சான் நன்றாக நடிக்கிறார் என்று பாராட்டுகிற சிரிப்பு.

கட்டு நிற்கவில்லை. அதன் நிழல் வெல்டிங் அக்காவின் முதுகில் விழுந்தது. இன்ஜினியர் விளிம்பில் நின்று, "அக்கா! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். முகமூடி நிமிரவில்லை.

அப்போதுதான் மேஸ்திரிக்குப் புரிந்தது. இது விருந்தாளிப் பேச்சு. மேலே இருக்கிறவனுக்கு இது நிஜமே இல்லை. வாளியைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் செருப்பையாவது. தேடினார், வாயில் எதுவும் இல்லை. அத்தனை வருஷமாகக் குழந்தைக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லிச் சேர்த்த வார்த்தைகள் ஒன்றுகூட அந்தப் பயத்தில் கைகொடுக்கவில்லை. அடியில் கிடந்தது ஒன்றுதான். டப்பா சரிந்தபோது குழந்தை சொன்ன அந்தப் பெரியது.

அது வந்தது. முழுதாக வந்தது. முன்னும் பின்னும் உறவுமுறைகளோடு, அடைமழைக் காலத்து இழுப்போடு, தளத்தில் இருந்த எல்லா வாக்கிகளிலும் ஒரே நேரத்தில் வந்தது.

கிரேன் உதறி நின்றது.

கட்டு ஊஞ்சலைப்போல முன்னும் பின்னும் ஆடியது. அதன் சாய்ந்த முனை வெல்டிங் அக்காவின் தலைக்கு மேலே, கை நீட்டினால் தொடலாம் என்கிற உயரத்தில் போய்ப் போய் வந்தது. நிழல் ஆடியதைப் பார்த்துத்தான் அவர் நிமிர்ந்தார். முகமூடியைத் தூக்கினார். முதலில் மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"நகருங்கக்கா!" என்று மேஸ்திரி கையை வீசினார். "மெஷினை விடுங்க! இந்தப் பக்கம்! ஓடுங்க!"

அவர் மெஷினை விட்டுச் சரிவில் ஏறி ஓடினார். பாதிச் சரிவு ஏறியிருப்பார். ஒரு குழாய் கட்டிலிருந்து மெல்ல உருவியது. உருவியதுதான் மெல்ல, விழுந்தது அப்படியல்ல. அவர் குனிந்திருந்த இடத்தில் வெல்டிங் மெஷினின் மூடியைப் பிளந்துகொண்டு மண்ணில் குத்தி நின்றது. பின்னாலேயே இன்னும் இரண்டு.

வாக்கி பேசியது. கழுகின் குரலில் சிரிப்பு போயிருந்தது.

"மச்சான்... என்ன ஆச்சு மச்சான்? யாருக்காவது... மச்சான்?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல," என்றார் மேஸ்திரி. "அப்படியே பிடிச்சுக்கிட்டிரு. ஒரு விரலைக்கூட அசைக்காத." சொல்லி முடித்த பிறகுதான் அவர் வலது பக்கம் திரும்பினார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த வார்த்தைக்காகவா குழாய்க்காகவா என்று தெரியவில்லை. கேட் பக்கத்து நாற்காலி மேஸ்திரியின் கண்முன்னால் வந்தது. வெயிலை மறைக்க மேலே ஒரு தகரம்கூட இல்லாத நாற்காலி.

மிச்சக் கட்டைப் பத்திரமாகத் தரையில் வைத்த பிறகு எல்லாரையும் இன்ஜினியரின் கன்டெய்னர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேடம், இன்ஜினியர், மேஸ்திரி, வெல்டிங் அக்கா. கழுகு கூண்டிலிருந்து இறங்கி வந்து கதவோரம் நின்றார்.

"நீங்க வாக்கியில என்ன சொன்னீங்க?" என்று மேடம் மேஸ்திரியைக் கேட்டார்.

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க மேடம். அது இன்னொரு தடவை சொல்ற மாதிரி வார்த்தை இல்ல."

"மேடம், அது ஒரு... தொழில்நுட்பச் சொல்," என்றார் இன்ஜினியர். சொன்ன மறுகணமே ஏன் சொன்னோம் என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன அர்த்தம் அதுக்கு?"

மூலையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த வெல்டிங் அக்காதான் பேசினார். "நிப்பாட்டுன்னு அர்த்தம் மேடம். நின்னுச்சு இல்ல? வேற என்ன அர்த்தம் வேணும்?"

"நான் அதைக் கேக்கல." மேடத்தின் குரல் தாழ்ந்தது. "அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நிறுத்துங்கன்னு சொன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன், தெளிவாக் கேட்டேன். மேலே கேக்கலையா?"

எல்லாரும் கதவோரம் திரும்பினார்கள்.

"கேட்டுச்சு மேடம்," என்றார் கழுகு. "முழுசாக் கேட்டுச்சு."

"கேட்டும் ஏன் நிறுத்தல?"

"அது விருந்தாளிப் பேச்சுன்னு நெனச்சேன் மேடம்."

அது என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. இன்ஜினியர் ஆரம்பித்தார். மரியாதையாகச் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை என்று ஒரு தளமே பழகியிருக்கிறது, அதில் தானும் சிரித்துக்கொண்டே சேர்ந்திருக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்கே உறைத்தது. "இந்த அக்காவைப் பின்னாடி அனுப்பினதும் நான்தான். மேஸ்திரிக்குச் சொல்லல," என்று முடித்தார்.

"அப்ப கிரேன் ஆளை மாத்துங்க," என்றார் மேடம்.

கழுகின் முகம் வெளுத்தது. மேஸ்திரி ஓர் அடி முன்னால் வந்தார்.

"மேடம், அவன் கை மாதிரி ஒரு கை உங்களுக்குக் கிடைக்காது. வாளி வந்தாத்தான் நிறுத்தணும்னு அவன் காதைப் பழக்கினது நான். காலையிலயே அவன்கிட்ட விளக்கிச் சொல்லியிருக்கணும், பாதியில விட்டுட்டேன். மாத்தறதுன்னா என்னை மாத்துங்க."

"மச்சான், சும்மா இருங்க."

"நீ சும்மா இருடா."

"அவரை அனுப்பினா எனக்கும் கூண்டு வேணாம் மேடம். என் அக்கா வீட்டுக்குள்ள விடமாட்டா."

வெல்டிங் அக்கா பாட்டிலை டக்கென்று கீழே வைத்தார். "ரெண்டு பேரும் தியாகம் பண்ணினது போதும்யா. நாளைக்கு அந்தப் பள்ளத்துல மறுபடி நான்தான் குனியணும். நிறுத்துன்னா நிக்குமா நிக்காதா? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

மேடம் சொன்னார்: நாளைக்குக் காலையில் பள்ளத்தில் ஆள் இல்லாமல் அதே பாரத்தை இறக்குங்கள். நானும் இருப்பேன். வெறும் 'நிறுத்து'க்கு நிற்கிறதா என்று பார்க்கலாம். நிற்காவிட்டால் வாக்கியும் கூண்டும் இரண்டுமே கை மாறும்.

மறுநாள் பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கம்பிக் கயிறுகளும் புதியவை. தளத்தில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு விளிம்பில் நின்றார்கள். மேஸ்திரி விடியற்காலையிலிருந்தே தனியாக நின்று, ஆன் செய்யாத வாக்கியில் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்து, ஒரு மூச்சு விடு, பிறகு சொல். நாக்கு நுனியில் வாளி வந்து வந்து திரும்பிப் போயிற்று.

குழாய்க் கட்டு பின்பக்கம் வந்து இறங்க ஆரம்பித்தது.

"நிறுத்து."

நின்றது. ஆனால் உடனே இல்லை. ஒரு முழம் வழுக்கித்தான் நின்றது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"ஒரு கணம் காத்திருந்தேன் மச்சான்," என்றது வாக்கி, மிக மெதுவாக. "வேற ஏதாவது வருதான்னு."

"வராது. இனிமே இதுதான். இன்னொரு தடவை."

மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினார்கள். இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக வழுக்கியது. அடுத்த தடவை நறுக்கென்று நின்றது. மேஸ்திரியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்காவது முறை கட்டு இறங்கும்போது அவர் கையை நீட்டினார். வாக்கியைக் கேட்கிறார் என்று புரியவே மேஸ்திரிக்கு நேரமாயிற்று.

"மேடம், அவனுக்கு உங்க குரல்..."

"அதுக்குத்தான்."

கொடுத்தார். கட்டு பாதிப் பள்ளத்தைத் தாண்டியிருந்தது. நேற்று நிழல் விழுந்த அதே இடத்துக்கு மேலே வந்துகொண்டிருந்தது. மேடம் பொத்தானை அழுத்தினார். மேஸ்திரியைப்போலவே ஒரு மூச்சு விட்டார். மேஸ்திரி தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றைய தேதியில் அந்தத் தளத்தில் சுத்தமான விருந்தாளிப் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது இந்தக் குரல்தான்.

"தயவுசெய்து நிறுத்துங்கள்," என்றார் மேடம். கத்தவில்லை. ஆபீஸில் கதவைச் சாத்தச் சொல்கிற குரலில் சொன்னார்.

கட்டு அந்தரத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஆடக்கூட இல்லை.

"நிறுத்திட்டேன்," என்றது வாக்கி. 'ஐயா' இல்லை, சிரிப்பும் இல்லை. "யாரு பேசறது?"

மேடம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. பிறகு வாக்கியை மேஸ்திரியின் கையில் திருப்பிக் கொடுத்தார். "இவரே பேசட்டும்," என்றார் இன்ஜினியரிடம். "ஆனா நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

வாக்கி கரகரத்தது. மேலே இருப்பவருக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டிருந்தது.

"புது மேஸ்திரி குரல் நல்லாத்தான் இருக்கு மச்சான். நீங்க வேணும்னா ரிட்டயராகிடுங்க."

விளிம்பெங்கும் சிரிப்பு. நேற்றிலிருந்து யாரும் அங்கே சிரித்திருக்கவில்லை. வெல்டிங் அக்கா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. பொத்தானை அழுத்தினார், ஒரு மூச்சு விட்டார்.

"வாயை மூடிக்கிட்டு மேலே தூக்கு."

கட்டு மேலே போயிற்று.